டைப் அடிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: ஃபாண்ட், என்டர், ஸ்டைல், பிடிஎஃப், இன்னும் சில

அலுவலகத்தில் கடிதம், சுற்றறிக்கை, பெயர்ப்பட்டியல், கையேடு என்று நாள் முழுக்கத் தமிழில் அடிப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. பெரும்பாலோர் கையில் இருப்பது மைக்ரோசாஃப்ட் வேர்டு அல்லது லிப்ரே ஆஃபீஸ் ரைட்டர். இரண்டுக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறேன். ஷார்ட்கட் மாறும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன். கேள்விகள் பலவாக இருந்தாலும் குழப்பம் பிறக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: திரையில் தெரிவது ஒன்று, கோப்புக்குள் இருப்பது வேறு. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அந்த வேறுபாட்டைப் பற்றியவைதான்.

ஃபாண்டை மாற்றியதும் தமிழ் எல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாக மாறிவிட்டது. ஃபைல் கெட்டுப் போய்விட்டதா?

கெடவில்லை. அதில் முதலிலிருந்தே தமிழ் இல்லை, அவ்வளவுதான். இதை நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் தமிழ் ஆவணங்களில் வரும் சிக்கல்களில் பெரும்பங்கு இங்கிருந்துதான் கிளம்புகிறது.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வகுத்து வைப்பதற்குக் குறியாக்கம் என்று பெயர். அந்த எண்ணுக்கு என்ன வடிவம் வரைய வேண்டும் என்று சொல்வது எழுத்துரு, அதாவது ஃபாண்ட். இரண்டும் வேறு வேறு வேலை.

பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடிக்க எந்தக் கட்டைகளைத் தட்டுகிறோம் என்று பாருங்கள்: ஜே, கே, பி, ஓ, பிறகு அரைப்புள்ளி. கோப்புக்குள் போய் உட்காருவதும் அந்த ஆங்கில எழுத்துகள்தான். எண்ணாகச் சொன்னால் 106, 107, 112, 111, 59. பாமினி எழுத்துருவை வரைந்தவர் ஜே இருக்க வேண்டிய இடத்தில் 'த' வடிவத்தையும், கே இருக்க வேண்டிய இடத்தில் 'ம' வடிவத்தையும் வைத்தார். அதனால் திரையில் தமிழ் தெரிகிறது. எழுத்துருவை ஏரியல் என்ற ஆங்கில எழுத்துருவுக்கு மாற்றினால் உள்ளே இருந்த ஜே, கே, பி வெளியே வந்துவிடும். முகமூடியைக் கழற்றியது போலத்தான்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் பொதுக் குறியாக்கம் யூனிகோடு. இதே 'தமிழ்' என்ற சொல்லை அதில் அடித்தால் கோப்புக்குள் போகும் எண்கள் 2980, 2990, 3007, 2996, 3021. முறையே த, ம, இகர விசிறி, ழ, புள்ளி. இந்த எண்கள் உலகம் முழுக்க தமிழ் எழுத்துகளுக்கு மட்டுமே உரியவை. வேறு எந்த எழுத்துக்கும் அவற்றைக் கொடுப்பதில்லை. ஆகவே எந்த யூனிகோடு தமிழ் எழுத்துருவுக்கு மாற்றினாலும் வடிவம் மாறுமே தவிர, எழுத்து மாறாது.

இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் பாமினி, தமிழ்நாட்டு அலுவலகங்களில் வானவில் என்று பல பழைய எழுத்துருக்கள் ஆண்டுக்கணக்கில் ஓடின. ஒவ்வொன்றுக்கும் தனி எண் ஒழுங்கு. இந்தச் சிதறலைக் குறைக்கத்தான் 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. பிறகு 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யூனிகோடையும், யூனிகோடு ஒத்துழைக்காத மென்பொருள்களுக்கு டேஸ்-16 என்ற குறியாக்கத்தையும் தரமாக ஏற்று ஆணை பிறப்பித்தது.

பழைய கோப்பு கையில் இருந்தால் என்ன செய்வது? முதலில் அது எந்த எழுத்துருவில் அடித்தது என்று கண்டுபிடியுங்கள். வேர்டில் அந்த வரியில் கர்சரை வைத்தால் மேலே பெயர் தெரியும், அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் மட்டும் தெரியும். பிறகு அந்தக் குறியாக்கத்துக்கான மாற்றி (கன்வெர்ட்டர்) மென்பொருளில் போட்டு யூனிகோடாக்கிக்கொள்ளுங்கள். நடுவில் உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவற்றையும் மாற்றி தமிழாக்கிக் குழப்பிவிடும். அவற்றை முதலில் குறித்து வைத்துக்கொண்டு, மாற்றிய பிறகு ஒருமுறை படித்துப் பாருங்கள்.

யூனிகோடில்தான் அடித்தேன். ஆனாலும் கட்டம் கட்டமாக வருகிறதே?

அது வேறு சிக்கல், சின்னது. எண் சரியாக இருக்கிறது. அந்த எண்ணுக்கு வடிவம் கொடுக்கும் எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை. விண்டோஸில் லதா, விஜயா, நிர்மலா ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். கூகுளின் நோட்டோ தமிழ் எழுத்துருக்களை இலவசமாக இறக்கி நிறுவிக்கொள்ளலாம். கட்டம் தெரிந்தால் பயப்படாதீர்கள், திரும்ப அடிக்கவும் அடிக்காதீர்கள்.

எனக்கு டைப்ரைட்டர் முறைதான் பழக்கம். யூனிகோடுக்கு மாறினால் புதிதாகக் கற்க வேண்டுமா?

வேண்டாம். எந்தக் கட்டையைத் தட்டினால் எந்த எழுத்து என்பது விசைப்பலகை அமைப்பு, அதாவது லேஅவுட். அது குறியாக்கத்திலிருந்தும் தனி, எழுத்துருவிலிருந்தும் தனி. தட்டச்சுப் பொறி முறையிலேயே தட்டி, யூனிகோடு எண்களை உள்ளே அனுப்பும் மென்பொருள்கள் உள்ளன. இருபது வருடப் பழக்கத்தை யாரும் விட வேண்டியதில்லை.

புதிதாகக் கற்பவர்களுக்கு மட்டும் நான் தமிழ்99ஐச் சொல்வேன். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். 'க'வை இரண்டு முறை தட்டினால் தானாக 'க்க' ஆகும். 'ங'வும் 'க'வும் தட்டினால் 'ங்க' ஆகும். புள்ளிக்காகத் தனியே தட்டுவது நன்றாகக் குறைந்துவிடும். ஒரு வாரம் கை தடுமாறும், அப்புறம் வேகம் வந்துவிடும்.

பட்டியலில் பெயர் கண்ணெதிரே இருக்கிறது. தேடினால் 'இல்லை' என்று வருகிறது. ஏன்?

ஒரு பள்ளியின் மாணவர் பட்டியலோடு ஒரு பெண் என்னிடம் வந்தார். "அண்ணா, கௌரின்னு பொண்ணு இருக்கா, நானே அடிச்சேன். ஃபைண்டுல போட்டா வரமாட்டேங்குது" என்றார். அகரவரிசைப்படுத்தினாலும் ஒரு கௌரி ஓரிடத்தில், இன்னொரு கௌரி வேறிடத்தில் போய் நின்றது. இரண்டும் பார்வைக்கு அச்சு அசலாக ஒன்றுதான்.

கர்சரை அந்தப் பெயருக்குள் வைத்து அம்புக்குறிக் கட்டையால் ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தச் சொன்னேன். ஒரு கௌரியில் 'கௌ' முழுவதையும் கர்சர் ஒரே தாவலில் தாண்டியது. இன்னொன்றில் 'கெ' வரை ஒரு தாவல், பிறகு 'ள' என்று இன்னொரு தாவல். இரண்டாவதை அடித்தவர் ஒற்றைக்கொம்பு, க, ள என்று மூன்றாகப் பார்த்து, 'கெ'யும் 'ள'வும் அடித்திருக்கிறார். அது கௌரி அல்ல, 'கெளரி'. அகரவரிசையில் அது 'கெ' வரிசையிலேயே நின்றுவிடும். உண்மையான கௌரி 'கோ'வையும் தாண்டித்தான் வரும்.

ஔவையாரும் இப்படித்தான் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார். 'ஔ' என்பது ஒரே எழுத்து, எண் 2964. அதற்குப் பதில் 'ஒ' (2962), 'ள' (2995) என்று இரண்டாக அடித்தால் கண்ணுக்கு ஔவையார், கணினிக்கு 'ஒளவையார்'. ஒளி, ஒளவை இரண்டும் அதற்கு ஒரே குடும்பம்.

பழைய பட்டியல்களைச் சரிசெய்ய 'கண்டுபிடித்து மாற்று' வசதியில் (கண்ட்ரோல் + எச்) 'கெளரி'யைக் கொடுத்து 'கௌரி'யாக மாற்றுங்கள். சௌந்தர்யா, மௌனிகா, பௌர்ணமி, கௌதம் என்று சொல் சொல்லாகச் செய்யுங்கள். 'கெள' என்பதை எல்லாம் 'கௌ' என்று மொத்தமாக மாற்றினால் 'கெளுத்தி' மீன் படிக்க முடியாத ஏதோவாகச் சிதைந்துவிடும். பெயர்ப்பட்டியல் என்றால் ஒருவருடைய உதவித்தொகையோ தேர்வு எண்ணோ அதில் தொங்கிக்கொண்டிருக்கும். இந்த ஒரு எழுத்தில் அலட்சியம் கூடாது.

பேக்ஸ்பேஸ் தட்டினால் கொம்பு மட்டும் போகிறது. டெலீட் தட்டினால் முழு எழுத்தும் போகிறது. எது சரி?

இரண்டும் சரி. 'கொ' என்பது உள்ளே 'க', அதன் பின் ஒகரக் குறி என்று இரண்டு எண்கள். கொம்பு முன்னால் தெரிந்தாலும் கோப்பில் 'க'தான் முதலில் இருக்கும். பேக்ஸ்பேஸ் கர்சருக்கு முன்னால் உள்ள கடைசி எண்ணை மட்டும் எடுக்கிறது. டெலீட் கர்சருக்கு அடுத்துள்ள முழு எழுத்தையும் எடுக்கிறது. 'கொ'வை 'கோ' ஆக்க வேண்டுமென்றால் எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒரு பேக்ஸ்பேஸ் போதும், 'க'வைத் திரும்ப அடிக்க வேண்டாம்.

என்டர் தட்டினால் புது வரி வருகிறது. இதில் பத்தி, வரி, பக்கம் என்று என்ன வித்தியாசம்?

வித்தியாசம் நிறைய. தட்டச்சுப் பொறியில் ஒவ்வொரு வரி முடிவிலும் வண்டியைத் தள்ளித் திருப்ப வேண்டும். அந்தப் பழக்கத்தில் வரிக்கு வரி என்டர் தட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வேர்டில் வரி தானாக மடங்கிக்கொள்ளும். என்டர் என்பது 'இந்தப் பத்தி முடிந்தது' என்று கணினிக்குச் சொல்லும் சொல்.

பத்தி முடியாமல் வரியை மட்டும் மடிக்க வேண்டுமா, ஷிஃப்ட் + என்டர். முகவரி அடிக்கும்போது இது வசதி. முகவரி முழுவதும் ஒரே பத்தியாக இருக்கும், வரிகளுக்கு நடுவே பத்தி இடைவெளி விழாது. அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டுமா, கண்ட்ரோல் + என்டர். இதற்குப் பெயர் பேஜ் பிரேக், பக்க முறிவு.

ஒரு நாற்பது பக்க ஆண்டறிக்கையைத் திருத்தக் கொடுத்தார்கள். ஒவ்வொரு அத்தியாயமும் புதுப் பக்கத்தில் தொடங்க, அடித்தவர் பதினொன்று, பதினாறு என்று என்டர்களாகத் தட்டித் தள்ளியிருந்தார். மூன்றாம் பக்கத்தில் இரண்டு வரி சேர்த்தோம். அவ்வளவுதான், அதற்குப் பிறகு இருந்த எல்லா அத்தியாயமும் இரண்டு வரி கீழே இறங்கிவிட்டது. அன்று சாயங்காலம் முழுக்க வெற்று என்டர்களை எடுத்து, அந்த இடங்களில் பக்க முறிவு போட்டேன். அடித்த அன்றே ஒரு கண்ட்ரோல் + என்டர் போட்டிருந்தால் இந்த வேலையே இல்லை.

இந்த மறைந்த குறிகளையெல்லாம் கண்ணால் பார்க்கலாம். வேர்டில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + 8, ரைட்டரில் கண்ட்ரோல் + எஃப்10. இடைவெளி சிறு புள்ளியாகவும், டேப் அம்பாகவும், பத்தி முடிவு திரும்பி நிற்கும் ஆங்கில 'P' போன்ற குறியாகவும் தெரியும். அச்சில் வராது. ஆவணம் சொன்ன பேச்சு கேட்காதபோது நான் முதலில் தட்டுவது இதைத்தான்.

ஸ்பேஸ் தட்டித் தட்டி நேராக்கினேன். பிரிண்டில் கோணலாக வருகிறது.

தட்டச்சுப் பொறியில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம், அதனால் ஸ்பேஸ் வேலை செய்தது. இப்போதைய எழுத்துருக்களில் 'ர' ஒடுங்கியது, 'ணை' அகலமானது. ஸ்பேஸை எண்ணி நேராக்கவே முடியாது. மேலே உள்ள அளவுகோலில் (ரூலர்) விருப்பமான இடத்தில் ஒரு கிளிக் செய்து டேப் ஸ்டாப் வையுங்கள், பிறகு ஒரே ஒரு முறை டேப் கட்டையைத் தட்டுங்கள். பெயர், பதவி, தொகை என்று மூன்று நெடுவரிசை வந்துவிட்டால் டேபும் வேண்டாம், டேபிளே போடுங்கள். கோடு வேண்டாமென்றால் எல்லைக்கோட்டை மறைத்துவிடலாம்.

இன்னொரு பயனுள்ள ஸ்பேஸ் இருக்கிறது. 'ரூ.' ஒரு வரியின் கடைசியிலும் '5,000' அடுத்த வரியின் தொடக்கத்திலும் பிரிந்து நிற்கும், 'திரு.' ஒரு பக்கம், பெயர் ஒரு பக்கம் நிற்கும். நடுவே சாதாரண ஸ்பேஸுக்குப் பதில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + ஸ்பேஸ் தட்டினால் இரண்டும் ஒட்டியே இருக்கும்.

ஸ்டைல் என்று ஒன்று இருக்கிறதே, அது எதற்கு? போல்டு போட்டு 16 சைஸ் வைத்தால் தலைப்புதானே?

உங்கள் கண்ணுக்குத் தலைப்பு. வேர்டுக்கு அது கொஞ்சம் தடித்த, கொஞ்சம் பெரிய சாதாரண வரி. 'இது தலைப்பு' என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை.

ஸ்டைல் என்பது பெயர் வைத்த வடிவத் தொகுப்பு. 'ஹெடிங் 1' என்ற பெயருக்குள் எழுத்துரு, அளவு, தடிமன், மேலே கீழே எவ்வளவு இடம் என்று எல்லாம் அடங்கியிருக்கும். வரியில் கர்சரை வைத்து வேர்டில் கண்ட்ரோல் + ஆல்ட் + 1, ரைட்டரில் கண்ட்ரோல் + 1 தட்டினால் அந்தப் பத்தி தலைப்பாகிவிடும். அப்புறம் மேலதிகாரி "தலைப்பெல்லாம் நீலத்தில் இருக்கட்டும்" என்று சொன்னால் ஸ்டைலில் ஒருமுறை மாற்றினால் போதும், ஐம்பது தலைப்பும் மாறும்.

இதைவிடப் பெரிய பலன் பொருளடக்கம். ஸ்டைல் வைத்த ஆவணத்தில் பொருளடக்கத்தை ஒரே கிளிக்கில் சேர்க்கலாம். பக்கம் மாறினால் வேர்டில் அதன்மேல் கர்சரை வைத்து எஃப்9 தட்டினால் பக்க எண்களும் மாறிக்கொள்ளும். கையால் அடித்துப் புள்ளி வைத்துப் பக்க எண் போட்ட பொருளடக்கம் முதல் திருத்தத்திலேயே பொய்யாகிவிடும். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரை வாசிப்பான் மென்பொருள் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுவதும் இந்த ஸ்டைலை வைத்துத்தான். போல்டு போட்ட வரியில் அவர்களுக்கு எந்த வழிகாட்டியும் இல்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ள நேரமிருக்கிறது என்றால் ஸ்டைலைக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு பக்கத்தை மட்டும் படுக்கை வாட்டில் வைக்க முடியுமா?

முடியும். பக்கத்தின் திசை, ஓரம், ஹெடர் எல்லாம் வேர்டில் 'செக்ஷன்' என்ற பிரிவுக்குச் சொந்தம். அந்தப் பக்கத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு செக்ஷன் பிரேக் போட்டு, நடுப்பிரிவை மட்டும் லேண்ட்ஸ்கேப் ஆக்குங்கள். ஒன்று மட்டும் போட்டால் அதற்குப் பிறகு வரும் எல்லாப் பக்கமும் படுத்துவிடும். ரைட்டரில் இதே வேலையைப் பக்க ஸ்டைல் செய்கிறது.

ஹெடர், ஃபுட்டர், ஃபுட்நோட்: மூன்றும் ஒன்றா?

இல்லை. ஹெடர் எல்லாப் பக்கத்தின் உச்சியிலும், ஃபுட்டர் எல்லாப் பக்கத்தின் அடியிலும் திரும்பத் திரும்ப வரும் வரி. ஃபுட்நோட் ஒரு சொல்லுக்கு எண் கொடுத்து அதே பக்கத்தின் அடியில் எழுதும் அடிக்குறிப்பு. சொல் அடுத்த பக்கம் போனால் குறிப்பும் கூடவே போகும்.

காப்பி செய்தது எங்கே போகிறது? பேஸ்ட் செய்தால் ஏன் பக்கமே மாறிவிடுகிறது?

காப்பி செய்தது கிளிப்போர்டு என்ற தற்காலிக இடத்தில் இருக்கும். அடுத்ததைக் காப்பி செய்தால் முந்தையது போய்விடும். விண்டோஸ் 10இலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் விண்டோஸ் கட்டை + வி தட்டி கிளிப்போர்டு வரலாற்றை இயக்கினால், அதன் பிறகு காப்பி செய்தவற்றில் கடைசி 25 வரை எடுத்துக்கொள்ளலாம். கத்தரித்து ஒட்டும் இந்த முறை கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் 1970களின் நடுவில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் உருவாக்கிய ஜிப்ஸி என்ற மென்பொருளில் உருவம் பெற்றது. டெஸ்லர் 2020இல் காலமானார். நாம் ஒரு நாளைக்கு நூறு முறை தட்டும் கட்டைகளுக்குப் பின்னால் ஒரு மனிதரின் யோசனை இருக்கிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

இணையத்திலிருந்து காப்பி செய்யும்போது எழுத்தோடு அதன் எழுத்துரு, நிறம், பின்னணி, இணைப்பு எல்லாம் சேர்ந்தே வரும். எழுத்து மட்டும் வேண்டுமென்றால் வேர்டில் கண்ட்ரோல் + ஆல்ட் + வி தட்டி, வடிவமற்ற உரை என்பதைத் தேர்ந்தெடுங்கள். ரைட்டரில் கண்ட்ரோல் + ஆல்ட் + ஷிஃப்ட் + வி.

சேவ் செய்தேன், ஆனால் ஃபைல் எங்கே என்று தெரியவில்லை.

பெரும்பாலும் மெயிலில் வந்த இணைப்பை அப்படியே திறந்து திருத்தியிருப்பீர்கள். அது தற்காலிகக் கோப்புறை ஒன்றில் திறந்திருக்கும். சேவ் கொடுத்தால் அங்கேயே போய்விடும். வந்த கோப்பைத் திறந்தவுடன் எஃப்12 தட்டி (வேர்டில் அது 'சேவ் ஆஸ்') உங்கள் கோப்புறையில், உங்கள் பெயரில் வைத்துக்கொண்டு பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

ஆட்டோ ரெகவர் என்பது சேவ் அல்ல. கரண்ட் போனாலோ வேர்டு நின்றாலோ மீட்க, பொதுவாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நிழல் பிரதி எடுத்து வைக்கும். நீங்களே 'வேண்டாம்' என்று மூடினால் அதை நம்ப முடியாது. ஆட்டோ சேவ் வேறு. ஒன்டிரைவ் போன்ற இணைய இடத்தில் வைத்த கோப்புக்கு அது நொடிக்கு நொடி சேமிக்கும். பழைய கடிதத்தைத் திறந்து தேதி மாற்றி புதுக் கடிதம் ஆக்கும் வழக்கம் உள்ளவர்கள் இங்கே கவனம்: நீங்கள் சேவ் கொடுக்காமலேயே பழையது மாறியிருக்கும்.

டாக், டாக்எக்ஸ், ஓடிடி, பிடிஎஃப் என்று எத்தனை! பெயரின் கடைசியை மாற்றினால் மாறிவிடுமா?

மாறாது. டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டை மாற்றினால் உள்ளே இருக்கும் பருப்பு மாறாது. மாற்ற வேண்டுமென்றால் மென்பொருளில் திறந்து 'சேவ் ஆஸ்' வழியாக வேறு வடிவில் சேமிக்க வேண்டும்.

டாக் என்பது 2007க்கு முந்தைய வேர்டின் வடிவம். வேர்டு 2007இலிருந்து டாக்எக்ஸ். ஓடிடி என்பது லிப்ரே ஆஃபீஸின் இயல்பான வடிவம். 2006இல் அனைத்துலகத் தரமானது. டாக்எக்ஸின் தரம் 2008இல் வந்தது. இரண்டுமே உண்மையில் ஜிப் பொதிகள்தான்: உள்ளே எழுத்து ஒரு கோப்பிலும், படங்கள் தனிக் கோப்புறையிலும் இருக்கும். ஒரு டாக்எக்ஸை நகலெடுத்து, நகலின் பின்னொட்டை ஜிப் என்று வைத்துத் திறந்தால் ஆவணத்தில் உள்ள படங்களையெல்லாம் ஒரே இடத்தில் எடுத்துக்கொள்ளலாம். சீட்டை மாற்றினாலும் உள்ளே இருப்பது மாறவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

பிடிஎஃப் வேறு இனம். அடோபி 1993இல் கொண்டுவந்தது. எங்கே திறந்தாலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். திருத்துவதற்கு என்று அது பிறக்கவில்லை.

பிடிஎஃப்பிலிருந்து தமிழைக் காப்பி செய்தால் ஏன் கொம்பும் காலும் கலைந்து வருகிறது?

பிடிஎஃப் முதலில் கவனிப்பது வடிவத்தைத்தான்: இந்த இடத்தில் ஒற்றைக்கொம்பு, அடுத்து க, அடுத்து கால் என்று வரைந்து வைக்கும். எந்த வடிவம் எந்த எழுத்து என்ற அட்டவணை அதற்குள் சரியாக இருந்தால் காப்பியும் சரியாக வரும். பல தமிழ் பிடிஎஃப்களில் அந்த அட்டவணை அரைகுறை. பழைய எழுத்துருவில் அடித்து எடுத்த பிடிஎஃப் என்றால் முதல் கேள்வியில் சொன்ன ஆங்கிலக் கிறுக்கல்தான் வரும். ஸ்கேன் செய்தது என்றால் அதில் எழுத்தே இல்லை, படம்தான். அதற்கு எழுத்துணரி, அதாவது ஓசிஆர் வேண்டும். கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழை ஓரளவு நன்றாகவே படித்துத் தரும். ஆனாலும் மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்காமல் அனுப்பாதீர்கள்.

டிராக் சேஞ்சஸ் போட்ட ஃபைலை அனுப்பும் முன் என்ன பார்க்க வேண்டும்?

யார் எதைச் சேர்த்தார், எதை நீக்கினார் என்று பெயரோடும் நேரத்தோடும் பதிவதுதான் டிராக் சேஞ்சஸ். வேர்டில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + இ, ரைட்டரில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + சி. இருவர் சேர்ந்து ஒரு வரைவைத் திருத்த இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் திருத்தங்களை மறைப்பது வேறு, ஏற்பது வேறு. காட்சியை 'மார்க்அப் இல்லை' என்று மாற்றினால் சிவப்பு அடிக்கோடுகள் மறையும், கோப்பில் அப்படியே இருக்கும். வெளியே அனுப்பும் முன் எல்லாவற்றையும் ஏற்கவோ மறுக்கவோ வேண்டும், ஓரக் குறிப்புகளையும் நீக்க வேண்டும். வேர்டில் ஃபைல், இன்ஃபோ வழியாகப் போனால் ஆவணத்தைச் சோதிக்கும் வசதி ஒன்று உண்டு. மிச்சம் மீதி இருந்தால் காட்டிக்கொடுக்கும்.

இருநூறு பேருக்கு ஒரே கடிதம். பெயர் மட்டும் மாற வேண்டும்.

மெயில் மெர்ஜ். கடிதத்தை ஒரு கோப்பில் அடியுங்கள். பெயர், முகவரி, தொகை ஆகியவற்றை எக்செல்லில் முதல் வரிசையில் தலைப்புகளோடு வையுங்கள். வேர்டில் மெயிலிங்ஸ் பகுதியில் அந்தப் பட்டியலை இணைத்து, பெயர் வர வேண்டிய இடத்தில் பெயர் என்ற புலத்தை (ஃபீல்டு) செருகினால் ஆளுக்கொரு கடிதம் தயார். அச்சிடும் முன் முதல் பத்துக் கடிதங்களையும் கடைசிப் பத்தையும் பாருங்கள். எக்செல்லில் தேதிக்கும் தொகைக்கும் போட்ட வடிவம் கடிதத்தில் அப்படியே வருவதில்லை.

எக்செல்லில் எண் அடித்தால் முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடுகிறது. கார்டு எண்ணின் கடைசி இலக்கமும் மாறுகிறது.

எக்செல்லுக்கு எண் என்றால் கணக்குப் போடுவதற்கான எண். முன்னால் உள்ள பூஜ்யத்துக்குக் கணக்கில் மதிப்பில்லை என்று எடுத்துவிடும். 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும்; 16 இலக்க எண்ணில் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும், திரும்ப மீட்க முடியாது. வங்கிக் கணக்கு எண், ஆதார், கைப்பேசி எண் இவற்றையெல்லாம் யாரும் கூட்டப் போவதில்லை. அடிக்கும் முன்பே அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து 'டெக்ஸ்ட்' வடிவம் கொடுங்கள். அடித்த பிறகு கொடுத்தால் போனது போனதுதான்.

சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைப் பட்டியல்) இரட்டைக் கிளிக்கில் திறந்து தமிழ் சிதைந்து தெரிந்தால், மூடிவிட்டு, எக்செல்லில் டேட்டா பகுதி வழியாக அந்தக் கோப்பை வரவழைத்து, குறியாக்கம் என்ற இடத்தில் யுடிஎஃப்-8 (யூனிகோடைக் கோப்பில் எழுதும் முறை) என்று தேர்ந்தெடுங்கள். சிதைந்த நிலையில் சேவ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

'மேக்ரோவை இயக்கவா?' என்று கேட்கிறது. என்ன சொல்ல?

மேக்ரோ என்பது ஆவணத்துக்குள் வைத்த சிறு நிரல். 1999 மார்ச்சில் மெலிசா என்ற வைரஸ் வேர்டு மேக்ரோ வழியாகத்தான் மெயில் மெயிலாகப் பரவியது. மைக்ரோசாஃப்ட் 2022இலிருந்து இணையம் வழியாக வந்த கோப்புகளின் மேக்ரோக்களை இயல்பாகவே தடுக்கத் தொடங்கியது. உங்களுக்குத் தெரிந்தவர், இந்தக் கோப்பில் மேக்ரோ இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஒழிய 'வேண்டாம்' என்றே சொல்லுங்கள்.

வீட்டில் அழகாக இருந்தது. பிரிண்ட் கடையில் திறந்தால் பக்கமெல்லாம் ஓடுகிறது.

நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு கடைக்காரர் கணினியில் இல்லை. வேர்டு வேறொன்றை எடுத்துப் போட்டுக்கொள்ளும். அதன் அகலம் வேறு, வரி மடங்கும் இடம் வேறு, பக்கமும் வேறு. ஏ4 தாளுக்குப் பதில் லெட்டர் அளவு அங்கே அமைந்திருந்தாலும் இதே கதைதான். ஏ4 என்பது 210க்கு 297 மில்லிமீட்டர். லெட்டர் அதைவிட அகலம், ஆனால் குட்டை.

திருத்தம் எதுவும் இல்லையென்றால் பிடிஎஃப்பாக்கி எடுத்துப் போங்கள். கடையில் திருத்த வேண்டியிருக்கும் என்றால் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதிந்து விடலாம்: வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் பகுதியில் எழுத்துருவைப் பொதியும் தேர்வு இருக்கிறது, ரைட்டரில் ஃபைல், பிராப்பர்ட்டீஸ், ஃபாண்ட் பகுதியில் இருக்கிறது. நான் பென் டிரைவில் இரண்டையும் வைத்துக்கொள்வேன், ஒரு பிடிஎஃப், ஒரு பொதிந்த டாக்எக்ஸ். கடைக்காரரிடம் முதலில் பிடிஎஃப்பைத் திறக்கச் சொல்லி, ஒரு பக்கம் மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு மீதியை அச்சடிக்கச் சொல்லுங்கள்.